காய்ச்சலுக்குப் பிறகு வந்த தைராய்டு: டாக்டரிடம் கேளுங்கள்

போன மாதம் இந்தப் பக்கத்தில் குழந்தைகளின் தைராய்டு பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், ஊர்தான் வேறு வேறு. "முதலில் காய்ச்சல் வந்தது, அப்புறம் தைராய்டு வந்தது, அதனால்தானா டாக்டர்?" அதனால் இந்த முறை மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். குழந்தைகள் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. போன கார்த்திகையில் டெங்கு வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பொங்கலுக்கு எடுத்த போட்டோவில் கழுத்து முன்பக்கம் வீங்கினாற்போல் தெரிந்தது. டெஸ்ட் எடுத்ததில் டி.எஸ்.ஹெச் 38, டி.பி.ஓ. ஆன்டிபாடி 600க்கு மேல். ஹாஷிமோட்டோ என்று சொல்லி மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். காய்ச்சலை ஆரம்பத்திலேயே கவனிக்காமல் விட்டதால்தான் இப்படி என்று என் மாமியார் சொல்கிறார். டெங்குவால்தான் வந்ததா? நான் எங்கே தவறு செய்தேன்? (கும்பகோணம் வாசகி)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் அம்மா. நீங்கள் எங்கேயும் தவறு செய்யவில்லை. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, காரணத்தோடுதான் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

பொங்கல் போட்டோவில் தெரிந்த வீக்கம் பொங்கலுக்கு வந்தது இல்லை. ஹாஷிமோட்டோ என்பது மெதுவாக நடக்கிற வேலை. உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் சொந்த தைராய்டையே வெளியாள் என்று நினைத்துத் தாக்க ஆரம்பிக்கிறது, ரத்தத்தில் அதற்கான ஆன்டிபாடி (உங்கள் ரிப்போர்ட்டில் டி.பி.ஓ. என்று இருப்பது) தோன்றுகிறது, ஆனால் சுரப்பி பல வருடம்கூடச் சமாளித்துக்கொண்டு போகும், ஒரு கட்டத்தில் முடியாமல் போகும்போதுதான் டி.எஸ்.ஹெச் (தைராய்டை வேலை செய்யச் சொல்லி மூளையடியிலிருந்து வருகிற ஹார்மோன்) ஏறும், கழலை, அதாவது தைராய்டு வீக்கம், கண்ணுக்குத் தெரியும். கழலையும் 38 என்கிற அளவும் சேர்ந்து இருக்கிறது என்றால், கார்த்திகையிலிருந்து தைக்குள் முளைத்த விஷயமாக எனக்குப் படவில்லை.

நீங்களே ஒரு காரியம் செய்து பாருங்கள். என் அறைக்கு வருகிற அம்மாக்களிடம் நான் கேட்பது இதுதான்: போனில் பழைய போட்டோக்களை எடுங்கள், போன வருடப் பிறந்தநாள், அதற்கு முந்தின வருடம் கோயிலுக்குப் போனது, குழந்தை நிமிர்ந்து பார்க்கிற படமாகப் பாருங்கள். சமீபத்தில் ஒரு அம்மா அப்படித் தள்ளிக்கொண்டே போய் ஒரு படத்தில் நிறுத்தினார், விரலால் பெரிதாக்கினார், காய்ச்சல் வந்ததற்கு ஒன்றரை வருடம் முந்தின படம் அது, பாசிமணிக்கு மேலே கழுத்துக்குழி மூடிப்போய் லேசாகப் புடைத்திருந்தது. அவர் அழுதுவிட்டார். ஆனால் அன்றைக்குத்தான் காய்ச்சலை நினைத்துத் தன்னைத் திட்டிக்கொள்வதை நிறுத்தினார். இன்னொன்று, நிலைக்கதவில் பென்சிலால் உயரம் குறிக்கிற பழக்கம் உங்கள் வீட்டில் உண்டா? இந்த வயதில் குழந்தை வருடத்துக்கு 5, 6 சென்டிமீட்டர் வளர வேண்டும். அந்தக் கோடுகள் நெருங்கி வந்திருந்தால், அல்லது இரண்டு வருடத்துக்கு முன் தைத்த பாவாடை இன்னும் அளவாக இருந்தால், சிக்கல் அப்போதே தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இனி மாமியாரின் கேள்விக்கு வருகிறேன், அவர் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. தொற்று இந்த நோயைக் கிளப்பிவிடுமா என்று டாக்டர்களும் பல காலமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். 1912இல் ஜப்பானியச் சர்ஜன் ஹகாரு ஹாஷிமோட்டோ நான்கு பெண்களின் கழுத்திலிருந்து எடுத்த தைராய்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது, உள்ளே நிறைய வெள்ளை அணுக்கள் குவிந்திருந்தன. கிருமியோடு சண்டை போடுகிற அணுக்கள் அவை, அங்கே அவற்றுக்கு என்ன வேலை? பதில் கிடைக்க 1956 ஆனது. லண்டனில் ராய்ட், டோனியாக், கேம்ப்பெல், ஹட்சன் என்கிற நால்வர் இந்த நோயாளிகளின் ரத்தத்தில் சொந்த தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி இருப்பதைக் காட்டினார்கள். அதே வருடம் அமெரிக்காவில் ரோஸும் விடெப்ஸ்கியும் முயலின் தைராய்டுச் சாற்றை முயலுக்கே ஊசியாகப் போட்டு இதே மாதிரிப் பாதிப்பை உண்டாக்கிக் காட்டினார்கள். உடம்பு தன்னையே தாக்கும் என்பதை மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டதில் இந்த நோய்க்குப் பெரிய பங்கு உண்டு.

யாருக்கு அப்படித் தாக்கும்? டென்மார்க்கில் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் தெரிந்தது, இந்த உடல்வாகில் ஏறத்தாழ முக்கால் பங்கு பரம்பரையாக வருகிறது என்பது. மிச்சம் கால் பங்கில்தான் அயோடின், பருவ வயது மாற்றங்கள், தொற்று எல்லாம் அடங்கும். விளக்கில் எண்ணெயும் திரியும் ஏற்கெனவே இருக்க வேண்டும், தீக்குச்சி கிழித்தவர் யார் என்பது அதற்கப்புறம்தான். இரண்டு பக்கத்திலும் விசாரித்துப் பாருங்கள், ஒரு சித்தியோ அத்தையோ காலையில் எழுந்ததும் தைராய்டு மாத்திரை போடுகிறவராக இருப்பார்.

தொற்று தீக்குச்சி ஆக முடியும் என்பதற்கு நான் பெரிதாக மதிக்கிற ஆதாரம் கிருமியிடமிருந்துகூட வரவில்லை, ஒரு மருந்திடமிருந்து வந்தது. ஹெபடைட்டிஸ் சி நோய்க்குப் பல வருடம் இன்டர்ஃபெரான் ஊசி போட்டார்கள். வைரஸ் நுழைந்தால் நம் உடம்பே சுரக்கிற பொருள்தான் இன்டர்ஃபெரான். அந்த ஊசி போட்டவர்களில் கொஞ்சம் பேருக்குத் தைராய்டு நோய் புதிதாக வந்தது, ஏற்கெனவே ஆன்டிபாடி இருந்தவர்களுக்கு இன்னும் அதிகமாக. அதாவது வைரஸை எதிர்க்கும் பரபரப்பே, தூங்கிக்கொண்டிருந்ததை எழுப்பிவிடக்கூடும். மற்றபடி கிருமியின் ஒரு பகுதி தைராய்டின் புரதத்தைப் போலவே இருப்பதால் எதிர்ப்பு சக்தி ஆள் மாறி அடிக்கிறது என்ற விளக்கமும் உண்டு. எப்ஸ்டீன் பார் வைரஸ், ஹெர்ப்பிஸ் 6, என்டெரோ வைரஸ் இவற்றின் தடயங்களைத் தைராய்டுத் திசுவில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் சம்பவ இடத்தில் இருந்தவரெல்லாம் குற்றவாளி இல்லை, அதே வைரஸ்கள் நோயில்லாத எத்தனையோ பேர் உடம்பிலும் உட்கார்ந்திருக்கின்றன.

இதற்கு நேர்மாறான செய்தியும் உண்டு. ஃபின்லாந்தும் ரஷ்யாவின் கரேலியாவும் பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள், மக்களின் மரபும் பெருமளவு ஒத்துப்போகும், ஆனால் கரேலியாவில் வசதி குறைவு, குழந்தைகளுக்குத் தொற்று அதிகம். 2008இல் வந்த ஆய்வில் பள்ளிக் குழந்தைகளின் ரத்தத்தைப் பார்த்தால், தைராய்டு ஆன்டிபாடி வசதியான ஃபின்லாந்துக் குழந்தைகளிடம்தான் அதிகம். சிறு வயதில் சளி, காய்ச்சலோடு பழகுவது எதிர்ப்பு சக்தியைப் பக்குவப்படுத்துகிறதோ என்று யோசிக்க வைக்கிற விஷயம் இது.

ஆக, ஒரு குறிப்பிட்ட குழந்தையிடம் இந்தக் காய்ச்சல்தான் தைராய்டைக் கிளப்பியது என்று காட்ட எந்த டெஸ்டும் கிடையாது. சின்னக் குழந்தைக்கு வருடத்தில் ஐந்தாறு தடவையாவது சளியோ காய்ச்சலோ வருகிறது, எந்த மாதத்தில் தைராய்டு கண்டுபிடித்தாலும் அதற்கு முன்னால் ஒரு காய்ச்சல் இருக்கத்தான் செய்யும். டெங்கு வந்ததால் நீங்கள் அவளை நாலு டாக்டரிடம் காட்டினீர்கள், உற்றுப் பார்த்தீர்கள், அதனால்தான் கழுத்தும் கண்ணில் பட்டது என்றுகூட நான் நினைக்கிறேன். இந்தப் பக்கத்தை மாமியாரிடம் படித்துக் காட்டுங்கள்.

இனி செய்ய வேண்டியது: மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு கொடுங்கள், பாலில் கரைத்துக் கொடுக்காதீர்கள், அரை மணி நேரமாவது கழித்துச் சாப்பாடு. இரும்புச் சத்து டானிக், கால்சியம் எதுவாக இருந்தாலும் நாலு மணி நேரம் தள்ளி. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் டி.எஸ்.ஹெச் மறுபடி பாருங்கள். ஆன்டிபாடி டெஸ்டை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பணத்தைக் கரைக்க வேண்டாம், இருக்கிறது என்று ஒருமுறை தெரிந்தால் போதும், அந்த எண் ஏறினாலும் இறங்கினாலும் மாத்திரை அளவு அதை வைத்து மாறப்போவதில்லை. அவள் உயரத்தை எழுதி வையுங்கள்.

கேள்வி: 6 வயது மகன் டைஃபாய்டு வந்து அட்மிட் ஆனபோது எல்லா டெஸ்டும் எடுத்தார்கள். டி.எஸ்.ஹெச் 8.1, ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கிற ஹார்மோன்) நார்மல். வீட்டுக்கு வரும்போது தைராய்டு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள், இன்னும் ஆரம்பிக்கவில்லை. டைஃபாய்டு தைராய்டைக் கெடுத்துவிட்டதா? வாழ்நாள் முழுக்கவா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: கெடுத்திருக்க வாய்ப்பு குறைவு. உடம்பு பெரிய காய்ச்சலில் இருக்கும்போது தைராய்டு கணக்குகள் தற்காலிகமாக மாறும். காய்ச்சல் கடுமையாக இருக்கும்போது டி3 என்கிற இன்னொரு தைராய்டு ஹார்மோனும், சில சமயம் டி.எஸ்.ஹெச்சும் இறங்கும். தேறி வருகிற நாட்களில் டி.எஸ்.ஹெச் கொஞ்ச நாளைக்கு மேலே போய்விட்டுத் தானாக இறங்கும். உங்கள் பையனின் 8.1 அப்படிப்பட்டதாக இருக்கலாம். முழுதாகத் தேறி ஆறு வாரம் ஆன பிறகு டி.எஸ்.ஹெச், ஃப்ரீ டி4 இரண்டையும் மறுபடி எடுங்கள், கூடவே டி.பி.ஓ. ஆன்டிபாடி ஒருமுறை. அதுவரை காத்திருக்கலாமா என்று எழுதிக் கொடுத்த டாக்டரையே கேளுங்கள். ஃப்ரீ டி4 நார்மலாக இருந்து, கழலை இல்லாமல், உயரமும் சரியாக இருந்தால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்.

முடி, நகத்துக்கு என்று கொடுக்கிற பயோட்டின் கலந்த சத்து மருந்து ஏதாவது குடிக்கிறானா என்றும் பாருங்கள். அது சில லேப் டெஸ்டுகளின் எண்களையே மாற்றிக் காட்டும், ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். காய்ச்சல் வார்டில் எடுத்த ஒரே ஒரு எண்ணை வைத்துக் குழந்தைக்கு 'தைராய்டு பேஷன்ட்' என்று பெயர் வைத்துவிடுவது எனக்குப் பிடிக்காத விஷயம்.

கேள்வி: மூத்தவளுக்கு ஹாஷிமோட்டோ இருக்கிறது. இரண்டாவது குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆகிறது, எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசி போட வேண்டும். தடுப்பூசியும் கிருமிதானே, அதுவும் தைராய்டைத் தூண்டிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. தள்ளிப்போடலாமா? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: தள்ளிப்போடாதீர்கள். ஒன்பது மாதம் முடிந்ததும் போடுங்கள், அடுத்த ஊசி 16இலிருந்து 24 மாதத்துக்குள். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இந்த ஊசியைப் பள்ளி பள்ளியாகப் போட்டபோதும் இப்படித்தான் வாட்ஸ்அப் செய்திகள் பறந்தன, பயந்துபோய்ப் பிள்ளையை அன்றைக்குப் பள்ளிக்கே அனுப்பாத பெற்றோரிடம் நான் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் விஷயம் தலைகீழ்.

எம்.ஆர். ஊசியில் இரண்டாவது எழுத்து ரூபெல்லா. தொற்றுக்கும் தைராய்டுக்கும் உள்ள தொடர்பில், நாளைக்குப் பிறக்கப்போகிற குழந்தைக்காக நாம் இன்றைக்கே தடுக்க முடிகிற ஒன்று இருக்கிறது என்றால் அது இந்த ரூபெல்லாதான். கர்ப்பத்தில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் குழந்தை கண்புரையோடு பிறக்கிறது என்று 1941இல் சிட்னியில் நார்மன் கிரெக் என்கிற கண் டாக்டர் கண்டுபிடித்தார். அந்தத் தலைமுறைக் குழந்தைகளை 60 வருடம் கழித்துக் கூப்பிட்டுப் பரிசோதித்தபோது, சர்க்கரை நோயும் தைராய்டு கோளாறும் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தன. இன்றைக்கு உங்கள் குழந்தைக்குப் போடுகிற ஊசி, ஒருநாள் பிறக்கப்போகிற பேரனுக்கும் பேத்திக்கும் அந்த வழியை அடைக்கிறது.

கூடவே ஒன்று. மூத்தவளுக்கும் எந்தத் தடுப்பூசியையும் நிறுத்தாதீர்கள். ஹாஷிமோட்டோ என்றால் எதிர்ப்பு சக்தி குறைவு என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டு குழந்தையை மழையில், கூட்டத்தில் விடாமல் பொத்திப் பொத்தி வைக்கிறார்கள். எதிர்ப்பு சக்தி குறையவில்லை, தைராய்டு விஷயத்தில் மட்டும் ஆளைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அவள் விளையாடட்டும்.

கேள்வி: அயோடின் உப்புதான் இந்த நோயைக் கொண்டுவந்தது என்று கேள்விப்பட்டு இந்துப்புக்கு மாறிவிட்டோம். சரியா? முட்டைக்கோஸும் நிறுத்திவிட்டோம். (திருநெல்வேலி வாசகர்)

பதில்: முட்டைக்கோஸை வேகவைத்துச் சாப்பிடுங்கள், ஒன்றும் ஆகாது.

உப்பு விஷயத்தில் நீங்கள் கேள்விப்பட்டது பாதி உண்மை. அயோடின் குறைவாக இருந்த இடத்தில் திடீரென்று அதிகமாகக் கிடைத்தால் இந்த ஆன்டிபாடி நோய் கொஞ்சம் கூடுவதுண்டு. இலங்கையில் 1990களில் உப்பில் அயோடின் சேர்க்கத் தொடங்கிய சில வருடத்தில் பள்ளி மாணவிகளைப் பரிசோதித்தபோது நிறையப் பேருக்குத் தைராய்டு ஆன்டிபாடி இருந்தது. ஆனால் அயோடின் இல்லாத பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: இமயமலை அடிவாரத்தில் ஊர் ஊராகக் கழலை, காது கேளாமல், மூளை வளர்ச்சி இல்லாமல் பிறந்த குழந்தைகள். அதனால்தான் 1962இல் அரசு கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தையே தொடங்கியது, 2006இல் அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கத் தடை போட்டது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்துப்பு வேண்டவே வேண்டாம். கல் உப்பு பிடிக்கும் என்றால் அயோடின் சேர்த்த கல் உப்பே கிடைக்கிறது, பாக்கெட்டில் பார்த்து வாங்குங்கள், அடுப்பு அருகில் திறந்து வைக்காதீர்கள். தைராய்டுக்கு நல்லது என்று கடல்பாசி மாத்திரை விற்கிறார்களே, அதைத்தான் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது.

கேள்வி: 7 வயதுப் பெண். கழுத்தின் இடது பக்கம் சிவந்து வீங்கி, தொட்டாலே கத்துகிறாள், 103 டிகிரி காய்ச்சல். ஆன்டிபயாடிக்கில் சரியானது, நாலு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி. இதுவும் ஹாஷிமோட்டோவா? (வேலூர் வாசகி)

பதில்: இல்லை. ஹாஷிமோட்டோ இப்படி வலிக்காது. வைரஸுக்குப் பிறகு தைராய்டு வீங்கி வலிக்கிற இன்னொரு வகை உண்டு, கொரோனா வந்த 2020இல் இத்தாலியின் பீசா நகரில் 18 வயதுப் பெண் ஒருவருக்கு அப்படி வந்ததை எழுதினார்கள், ஆனால் சிறு குழந்தைகளுக்கு அது அபூர்வம். உங்கள் மகளுக்கு அதே இடது பக்கத்தில், அதுவும் இரண்டாவது முறை என்பதால், பாக்டீரியா தைராய்டுக்கே போய்ச் சீழ் பிடிப்பதாகச் சந்தேகிக்கிறேன். தொண்டையின் உள்ளே பைரிஃபார்ம் சைனஸ் என்ற இடத்திலிருந்து தைராய்டு வரை பிறவியிலேயே ஒரு சின்னத் துளைவழி இருந்தால் இப்படி வரும், பெரும்பாலும் இடது பக்கம்தான். வீக்கம் வடிந்த பிறகு பேரியம் குடிக்க வைத்து எடுக்கிற எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் தெரியும். அதை அடைத்தால்தான் இது நிற்கும். குழந்தைகள் சர்ஜனையோ காது மூக்கு தொண்டை டாக்டரையோ இந்த மாதமே பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. நாலு தோசை சாப்பிட்டும் 4 கிலோ குறைந்தான், கையெழுத்து கோணலாகிவிட்டது, ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான் என்று டீச்சர் புகார். கடைசியில் கிரேவ்ஸ் நோய் என்றார்கள், ஆறு வாரமாக கார்பிமசோல் (தைராய்டு சுரப்பைக் குறைக்கிற மாத்திரை) சாப்பிடுகிறான். அதற்கு முன் அவனுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு வந்தது, அந்தக் கிருமியால் இருக்குமா? போன வாரம் தொண்டை வலி, காய்ச்சல் வந்தது, பாரசிட்டமால் கொடுத்தோம், சரியாகிவிட்டது. (திண்டுக்கல் வாசகர்)

பதில்: கிரேவ்ஸில் ஆன்டிபாடி தைராய்டை அழிப்பதற்குப் பதிலாக ஓயாமல் விரட்டி வேலை வாங்குகிறது. கை நடுங்குவதால் கையெழுத்து கோணுகிறது, சேட்டை என்று நினைத்து அடி வாங்கிய பையன்களை நான் பார்த்திருக்கிறேன், அவனைத் திட்டியிருந்தால் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

வயிற்றுப்போக்குக் கிருமி பற்றி நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. யெர்சினியா என்ற குடல் பாக்டீரியா தைராய்டின் ஒரு பகுதியைப் போலவே இருக்கிறது என்றும், கிரேவ்ஸ் நோயாளிகளிடம் அதன் ஆன்டிபாடி அதிகம் என்றும் முதலில் ஆய்வுகள் வந்தன, நாங்களெல்லாம் அதைப் பாடமாகவே படித்தோம். பிறகு ஆம்ஸ்டர்டாமில், தைராய்டு நோய் உள்ள குடும்பங்களின் பெண்களை நோய் வருவதற்கு முன்பிருந்தே தொடர்ந்து கவனித்தார்கள், யெர்சினியா தொற்று இருந்தவர்களுக்கு நோய் அதிகமாக வரவில்லை. அதனால் அந்தப் பழியை அதன் மேல் போட நான் தயாராக இல்லை. தவிர, கிரேவ்ஸ் இருந்தாலே அடிக்கடி வயிறு போகும். அந்த வயிற்றுப்போக்கு நோயின் முதல் அறிகுறியாகவே இருந்திருக்கலாம்.

எனக்கு உங்கள் கடிதத்தில் பயம் தந்தது கடைசி வரிதான். கார்பிமசோல் சாப்பிடும்போது ஆயிரத்தில் இரண்டு மூன்று பேருக்கு வெள்ளை அணுக்கள் திடீரென்று அடியோடு இறங்கிவிடும், பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். அப்போது வருகிற தொண்டை வலி சாதாரணத் தொண்டை வலி இல்லை, உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இந்த முறை தப்பித்தான். ஆனாலும் இந்த வாரமே ஒரு சி.பி.சி. (ரத்த அணுக்களை எண்ணும் டெஸ்ட்) எடுத்துவிடுங்கள். இனிமேல் காய்ச்சலோ தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தால், ஞாயிற்றுக்கிழமை ராத்திரியாக இருந்தாலும், அடுத்த கார்பிமசோல் வேளையைக் கொடுக்காமல் நிறுத்தி, அன்றைக்கே சி.பி.சி. எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள், வெள்ளை அணு சரியாக இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகு மாத்திரையைத் தொடரலாம். இதை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள், பாட்டி வீட்டுக்கு அனுப்பும்போது பையில் ஒன்று, ஸ்கூல் டைரியின் முதல் பக்கத்தில் ஒன்று.